மருத்துவ அறக்கட்டளைகள்: கொடுக்கும் கையும் நிறுக்கும் தராசும்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்து சில நாள் சென்றதும் கமிட்டியார் கணக்கு வாசிப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். வசூல் எவ்வளவு, பந்தலுக்கு என்ன செலவு, மேளக்காரருக்கு என்ன கொடுத்தோம், மிச்சம் எவ்வளவு என்பதையெல்லாம் எழுந்து நின்று சொல்வார்கள். ஐந்து வெள்ளி கொடுத்தவரும் கேள்வி கேட்கலாம். ஐந்நூறு வெள்ளி கொடுத்தவரும் கேட்கலாம். பணம் பொதுப்பணம் ஆனவுடன் கணக்கும் பொதுக்கணக்கு ஆகிவிடுகிறது.

இன்று நாம் பார்க்கப்போவது வேறொரு வகைப் பொதுப்பணம். நோய்களை ஆராய்வதற்கென்று பெரிய மருத்துவ அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் பணம் கொடுக்கின்றன. கேட்பவர் ஆயிரம் பேர். பெறுபவர் சில பேர். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவு நியாயமாக இருக்க என்னென்ன ஏற்பாடுகள் தோன்றின? இது எங்கோ படித்தவர்களுக்குள் நடக்கும் காரியம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நேயர்களே, இந்தச் சரித்திரம் நம்முடைய லயத்து வீடுகளின் வழியாகவே நடந்து வந்திருக்கிறது.

முதலில் கொக்கிப்புழுவின் கதையைப் பார்ப்போம். செருப்பில்லாத கால் வழியே உடம்பில் ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. அந்நாளில் பால்வெட்டுக்குப் போன நம் பாட்டன் பாட்டிகள் பலர் வெளுத்துப்போன முகத்தோடும் ஓயாத களைப்போடும் பெரட்டுக்கு வந்து நின்றதற்கு இந்தப் புழுவும் மலேரியாவும் பெரிய காரணங்கள். அமெரிக்கச் செல்வர் ராக்ஃபெல்லரின் பெயரால் 1913-இல் ஓர் அறநிறுவனம் தோன்றியது. அது டாக்டர் சாமுவேல் டார்லிங் என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவு ஆகிய இடங்களில் அக்குழு வேலை செய்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை எண்ணிப் பார்த்து, எந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று கண்டார்கள். 1916-இல் இலங்கைத் தோட்டங்களிலும் அதே நிறுவனத்தின் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது.

இதனால் நன்மை விளைந்தது, அதை மறத்தலாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நோயை ஆராய்வது, எந்த நாட்டுக்குப் போவது, யாரை அனுப்புவது என்ற முடிவெல்லாம் நியூயார்க்கிலிருந்த சில அலுவலர்களின் கையில் இருந்தது. அவர்கள் திறமைசாலிகளாகவும் இருந்தார்கள். நல்லெண்ணம் கொண்டவர்களாகவும் இருந்தார்கள். என்றாலும், வேறொரு டாக்டர் வேறொரு நோயைப் பற்றி அதைவிட நல்ல யோசனை வைத்திருந்தால், அவர் எந்தக் கதவைத் தட்டுவது? மறுத்தால் என்ன காரணம் என்று யாரிடம் கேட்பது? நல்லவர் கையில் பணம் இருப்பது ஒன்று. நல்ல முறையில் அது பங்கிடப்படுவது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கடக்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

நியாயம் என்பது நல்ல மனசு மட்டுமன்று, அதற்கு ஒரு முறையும் வேண்டும் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று ரவாங்கிலிருந்து அதிக தூரமில்லாத கோலாலம்பூரிலேயே நடந்தது. அது பணத்தைப் பற்றியதன்று, அரிசியைப் பற்றியது. பெரிபெரி என்ற நோய் அக்காலத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுபோகும். வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளரிடையே இது மிகுதியாக இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழரிடையே அரிதாக இருந்தது. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, அரிசியில்தான் காரணம் இருக்க வேண்டும் என்று சொன்னார். பலர் நம்பவில்லை.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் அதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரருக்கு ஒரு வகை அரிசி. இரட்டைப்படை எண்காரருக்கு மற்றொரு வகை. ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 120 பேர். வெள்ளை அரிசி சாப்பிட்டவருள் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டு, 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907-இல் இந்த முடிவு அச்சில் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அதுவே தயமின் என்ற உயிர்ச்சத்து என்பது பின்னால் தெரியவந்தது.

இங்கே நாம் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பலமானவன் இந்தப் பக்கம், சோனியானவன் அந்தப் பக்கம் என்று டாக்டர் தம் விருப்பப்படி பிரித்திருந்தால் சோதனையை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தம் கையையே தாம் கட்டிக்கொண்டதால் அவர் முடிவுக்கு மதிப்பு வந்தது. அதே சமயம், அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கு உட்படுபவரின் சம்மதம் கட்டாயம் என்பது 1947-இல் நூரம்பெர்க் நெறியிலும், 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கையிலும் எழுதப்பட்ட பிறகுதான் உலக வழக்காயிற்று.

இனிப் பணத்துக்கு வருவோம். ஹென்றி வெல்கம் என்பவர் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் மருந்து வியாபாரம் செய்து பெருஞ்செல்வர் ஆனவர். 1936-இல் அவர் இறந்தபோது, தம் மருந்துக் கம்பெனியின் பங்குகள் முழுவதையும் அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, வரும் இலாபம் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அப்படிப் பிறந்ததே வெல்கம் அறக்கட்டளை. இதில் ஒரு சிக்கலும் கூடவே பிறந்தது. தருமம் செய்யும் கையும் மருந்து விற்கும் கையும் ஒன்றாக இருந்தால், மருந்துக்கு இலாபமான ஆராய்ச்சிக்கே பணம் போகிறது என்று நாலு பேர் சந்தேகப்பட மாட்டார்களா? அறக்கட்டளை 1986 முதல் அந்தப் பங்குகளைச் சிறிது சிறிதாக விற்று, 1995-இல் எஞ்சியதையும் கிளாக்ஸோ கம்பெனிக்கு விற்றது. இன்று உலகின் மிகப் பெரிய மருத்துவ அறக்கட்டளைகளுள் அதுவும் ஒன்று.

யோசனைகளைச் சீர்தூக்கிப் பார்க்க அறிஞர் குழு வேண்டும் என்ற எண்ணம் பல இடங்களில் தனித்தனியே வளர்ந்தது. இந்தியாவில் 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தோன்றி, விஞ்ஞானிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவின் துணையோடு பணம் வழங்கியது. அச்சங்கமே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல், அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மதிப்பீட்டுக் குழுக்களை அமைத்தது. அதே துறையில் வேலை செய்யும் வெளியார் வந்து மதிப்பெண் போடும் இந்த முறை மெல்ல மெல்ல அறக்கட்டளைகளுக்கும் பொது வழக்காயிற்று.

அந்த முறை எப்படி நடக்கிறது? படிப்படியாகப் பார்ப்போம். முதலில், இன்ன காரியத்துக்கு, இன்ன தகுதி உள்ளவருக்கு, இவ்வளவு பணம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவிப்பு வெளியாகும். ஆராய்ச்சியாளர் தம் மனுவை எழுதி அனுப்புவார். என்ன கேள்விக்கு விடை தேடுகிறார், எப்படித் தேடுவார், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அலுவலகம் மனு விதிக்கு உட்பட்டதா என்று பார்க்கும். பிறகு அந்தத் துறை தெரிந்த வெளியார் சிலருக்கு அனுப்பப்படும். அவர்கள் நிறை குறைகளை எழுதித் தருவார்கள். பல இடங்களில் மனுதாரர் அந்தக் குறைகளுக்குப் பதில் எழுத வாய்ப்பும் தரப்படுகிறது. கடைசியில் குழு கூடிப் பேசி மதிப்பெண் போடும். தேவையானால் மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்கும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. மனு போட்டவர் குழு உறுப்பினரின் மாணவராகவோ, கூட வேலை செய்பவராகவோ, உறவினராகவோ இருந்தால், அந்த உறுப்பினர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த மனு பேசப்படும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நம் பஞ்சாயத்தில் மாமன் மச்சான் வழக்கென்றால் பெரியவர் எழுந்து ஒதுங்கிக்கொள்வாரே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வதும் நல்ல அறக்கட்டளையின் இலட்சணம். காரணம் தெரிந்தால்தான் அவர் அடுத்த முறை திருத்தி எழுதலாம்.

இவ்வளவு பாடுபடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. குரங்குகளுக்கு வரும் நோலெசி என்ற மலேரியா, இயற்கையாக மனிதனுக்கும் தொற்றும் என்பது 1965-இல் தெரிந்தது. பகாங் காட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய அமெரிக்கர் ஒருவரிடம் அது காணப்பட்டது. பிறகு அவ்வட்டாரத்தில் தேடியும் கிடைக்காததால், அபூர்வமான நோய் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் அவர்கள் குழுவினரும், காப்பிட் பகுதியில் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா! நுண்ணோக்கியில் அது வேறொரு சாதாரண மலேரியாவைப்போலவே தெரிந்ததால் அதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2004-இல் இது வெளியானது.

அந்தப் பல்கலைக்கழகம் 1992-இல் தொடங்கிய இளைய நிறுவனம். அவர்கள் எடுத்துக்கொண்ட நோயோ முடிந்துபோனதாக எண்ணப்பட்ட ஒன்று. அக்குழுவின் மலேரியா ஆராய்ச்சிகளுக்குப் பண உதவி செய்தவற்றுள் வெல்கம் அறக்கட்டளையும் ஒன்று. பெயர் பெற்ற ஊருக்குத்தான் பணம் என்று இருந்திருந்தால் இது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டோரத்தில் வேலை செய்பவருக்கு அந்த ஆராய்ச்சி இன்றும் உயிர் காக்கும் செய்தியாகும்.

அப்படியானால் குழு அமைத்தால் நியாயம் தானாக வந்துவிடுமா? வராது என்று நிரூபித்தவர்கள் சுவீடன் நாட்டுப் பெண் விஞ்ஞானிகள் இருவர்: கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட். அந்நாட்டு அரசு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1995-இல் கொடுத்த உதவித்தொகைகளை அவர்கள் ஆராய எண்ணினார்கள். மனு செய்தவர் 114 பேர். அதில் பெண்கள் 52 பேர். உதவி பெற்ற 20 பேரில் பெண்கள் நால்வர் மட்டுமே. மதிப்பெண் பட்டியலை மன்றம் தர மறுத்தது. அவர்கள் நீதிமன்றம் வரை சென்று அதைப் பெற்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஓர் ஆண் பெற்ற மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் அவரைவிட இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது! இன்னொன்றும் வெளிப்பட்டது. குழு உறுப்பினருக்குத் தெரிந்தவர் மனு செய்தால், அந்த உறுப்பினர் விதிப்படி ஒதுங்கிக்கொண்டாலும், கூட இருந்த மற்றவர்கள் தயவாகவே மதிப்பெண் போட்டிருந்தார்கள். 1997-இல் இந்தக் கட்டுரை வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

வெல்கம் அறக்கட்டளைக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. தன் இனப்பாகுபாட்டு ஒழிப்பு வேலை எப்படி நடந்திருக்கிறது என்று அது வெளியாரைக்கொண்டு ஆராய்ந்தது. நிறுவன அளவில் பாகுபாடு இன்னும் நீங்கவில்லை என்ற முடிவு வந்தது. 2022-இல் அதை மறைக்காமல் வெளியிட்டு, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பட்டியலைப் பூட்டி வைத்த மன்றத்தையும் குறையைத் தானே வெளியிட்ட அறக்கட்டளையையும் ஒப்பிட்டால், கணக்கு வாசிப்பதன் அருமை நமக்கு விளங்கும். குறை எங்கும் இருக்கும்; வெளியே தெரிந்த குறையைத்தான் திருத்த முடியும்.

திருத்தும் வழிகளில் ஒன்று உங்களுக்குப் புதுமையாக இருக்கும். அது சீட்டுக் குலுக்குவது! நியூசிலாந்து சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013 முதல் ஒரு வகை மானியத்துக்கு இப்படிச் செய்கிறது. முதலில் மனு செய்தவரின் பெயரை மறைத்துவிட்டு, யோசனையை மட்டும் அறிஞர்கள் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அரசுத் தேர்வுத் தாளில் பெயருக்குப் பதில் எண் எழுதுவதும் இதே காரணத்துக்குத்தானே. உருப்படாத மனுக்கள் அந்தக் கட்டத்திலேயே நீக்கப்படும். தேறிய மனுக்கள் எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்கும். அவற்றுள் ஒன்று மற்றதைவிட அரை மதிப்பெண் உயர்வு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேதான் தெரிந்த முகம், பெரிய பெயர், சொந்த இனம் என்பவை உள்ளே நுழைகின்றன. ஆகவே அந்த இடத்தில் குலுக்கல். கூட்டுப் பணம் போடும் நம் தாய்மார்களுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும். சேர்க்கும்போது ஆளைப் பார்த்துச் சேர்ப்பார்கள். சேர்ந்த பிறகு சீட்டெடுப்பில் யாருக்கும் சலுகை இல்லை. 1905-இல் பிளெட்சர் போட்ட ஒற்றைப்படை, இரட்டைப்படையும் இந்தக் குலுக்கலும் ஒரே நோக்கம் கொண்டவை. மனிதன் தன் சாய்வைத் தானே அறிய முடியாத இடத்தில் எண்ணிடம் பொறுப்பை விட்டுவிடுகிறான்.

நம் நாட்டிலும் பொதுமக்களின் நன்கொடையால் நடக்கும் மருத்துவ அமைப்புகள் உண்டு. 1994-இல் தோன்றிய மாக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் நோயாளிகளுக்கு உதவுவதோடு, ஆராய்ச்சியாளருக்கும் விருதுத்தொகை வழங்குகிறது. உண்டியலில் நாம் போடும் ஒரு வெள்ளியும் இப்படி ஆராய்ச்சியாக மாறக்கூடும். ஆகவே எந்த அறக்கட்டளையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம். யாருடைய நோயை ஆராய்கிறார்கள்? முடிவு செய்பவர் யார், அவருக்கும் கேட்பவருக்கும் என்ன தொடர்பு? கிடைக்காதவருக்குக் காரணம் சொல்கிறார்களா? பள்ளியில் கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும், சங்கத்தில் கொடுக்கும் கல்வி நிதிக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும்.

ரவாங் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்திலிருந்து புறப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இன்று மருத்துவமும் உயிரியலும் படிக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஆராயப்படுபவராக மட்டுமே இருந்தார்கள். இனி ஆராய்பவராக, மனு எழுதுபவராக, ஒரு நாள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்து மதிப்பெண் போடுபவராகவும் அவர்கள் வருவார்கள். அன்று, தெரிந்தவரின் மனு வரும்போது எழுந்து வெளியே போகவும், தெரியாதவரின் மனுவைப் பொறுமையாகப் படிக்கவும் அவர்கள் கற்றிருக்க வேண்டும். வீட்டில் ஒரு பலகாரத்தை நாலு பிள்ளைகளுக்குப் பங்கிடும் தாய், பிட்டுக் கொடுப்பவன் கடைசியில் எடுக்கட்டும் என்கிறாளே, அந்தப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.